தொண்ணூற்றொன்பதரை டிகிரி ராஜ்யம்

மே 3, சனி

இன்று காலை எட்டு மணிக்கு நான் பத்தொன்பதாயிரம் பேருக்கு அரசனானேன். பிரஜைகள் அத்தனை பேரும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒருவருக்கும் வாய் கிடையாது. இப்பேர்ப்பட்ட குடிமக்கள் எந்தச் சக்கரவர்த்திக்கும் அமைந்ததில்லை.

பிற்கால ஆராய்ச்சியாளர்கள் தடுமாறக் கூடாது என்பதற்காக விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் நாச்சிமுத்து. மில்லில் கம்ப்யூட்டர் செக்ஷனில் இருந்து ரிட்டயர் ஆனவன். கல்யாணம் என்ற விபத்து எனக்கு நேரவில்லை. அக்காள் மகள் கலாமணி நாமக்கல்லுக்குப் பக்கத்தில் கோழிக்குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறாள். அவள் அப்பா போன பிறகு ஒண்டி ஆளாகத்தான் எல்லாம். அங்கே செட்டர் மெஷினுக்குக் காவல்காரன், மந்திரி, சேனாதிபதி எல்லாம் நான்தான்.

செட்டர் என்பது லாரி ஒன்றை உள்ளே நிறுத்திவிடலாம் போன்ற பெட்டி. முட்டைகள் அதில் பதினெட்டு நாள் இருக்கும். பிறகு ஹேச்சர் என்ற இன்னொரு பெட்டிக்கு மாற்றினால் மூன்று நாளில் குஞ்சு. உள்ளே சூடு தொண்ணூற்றொன்பதரை டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும். அரை டிகிரி ஏறினால் கலாமணிக்குத் தூக்கம் போகும். மூன்று டிகிரி ஏறினால் குஞ்சே போகும்.

இந்த பேட்ச் தப்பக் கூடாது. போன பேட்ச்சில் ஜெனரேட்டர் படுத்துக்கொண்டு பாதி முட்டை பாழ். குஞ்சு வாங்குகிற பல்லடத்துக்காரர் வாசலில் நின்று மரியாதையாகத்தான் சொன்னார்: "இன்னொருக்கா இப்பிடி ஆச்சுன்னா நான் வேற எடம் பாத்துக்கறனுங்க அம்மிணி." அவரை விட்டால் எங்களுக்கு வேறு ஆள் கிடையாது. அவர் போனால் பொரிப்பகத்துக்குப் பூட்டுத்தான்.

முட்டைத் தட்டுகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியதும் கலாமணி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "மாமா, திரைய விட்டு நவுந்துறாதீங்க."

"என் பார்வை அதைவிட்டு இமைப்பொழுதும் அகலாது கண்ணு" என்றேன்.

மே 4, ஞாயிறு

கத்திரி தொடங்கிவிட்டது. வெளியே போய் நின்றால் நம்மையே யாரோ அடைகாக்கிற மாதிரி இருக்கிறது.

மெஷினின் லட்சணத்தைக் குறித்து வைக்கிறேன். மூடிப்போன ஒரு பொரிப்பகத்திலிருந்து கலாமணியின் அப்பா வாங்கி வந்தது. வயதில் எனக்குத் தம்பி, முன்கோபத்தில் எனக்கு அண்ணன். அதற்கு மூளை என்பது ஒரு கறுப்புத் திரை. பொம்மை, மவுஸ் எதுவும் கிடையாது. பச்சை எழுத்து மட்டும் எறும்பு ஊர்வதுபோல் வரும். மணிக்கு ஒருமுறை 'தட்டுகளைத் திருப்பட்டுமா?' என்று கேட்கும். 'ஒய்' எழுத்தை அழுத்தினால் உள்ளே தட்டுகள் எல்லாம் கிழவன் எழுந்து உட்கார்வதுபோல் முனகிக்கொண்டு மறுபக்கம் சாயும். அழுத்தாவிட்டால் திருப்பாது. கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த எறும்பு எழுத்து யாரோ வேண்டுமென்றே சின்னதாக அடித்தது. கம்பெனிக்காரன் கஞ்சன்.

மே 5, திங்கள்

அரசன் ஒருவன் மணிக்கு ஒருமுறை பொத்தான் அழுத்துவது ராஜ்யத்துக்கே இழுக்கு. ஆகவே இன்று ஒரு திவானை நியமித்தேன்.

திவான் என்பவர் பைத்தான் மொழியில் நான் எழுதிய நூறு வரி. மெஷினிலிருந்து ஒரு கேபிளைப் பழைய கம்ப்யூட்டருக்கு இழுத்தேன். மெஷின் ஒரு திரைக்கு எதையெல்லாம் அனுப்புமோ அதையெல்லாம் திவான் வாங்கிக்கொள்வார். தமக்குள்ளேயே ஒரு கறுப்புத் திரை வைத்து, எந்த வரிசையில் எந்த எழுத்து விழுகிறதென்று எழுதி வைத்துக்கொள்வார். ஏழாவது வரிசையில் சூடு, எட்டாவதில் ஈரம். 'தட்டுகளைத் திருப்பட்டுமா?' என்று கேள்வி வந்தால் மனிதன் அழுத்துவதுபோல் 'ஒய்' அனுப்புவார். எதிரில் உட்கார்ந்திருப்பது நான்தான் என்று மெஷின் நம்பிக்கொண்டிருக்கும்.

கலாமணி வந்து பார்த்துத் திகைத்துப் போனாள்.

"என்ன மாமா, பேய் புடிச்ச மாதிரி தானா டைப் ஆகுது?"

"பேய் இல்ல கண்ணு. திவான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, டீ கேக்க மாட்டார்."

"அது சரிங். நீங்க எதுக்கு அப்புறம்?"

இந்தக் கேள்வியை நான் ரசிக்கவில்லை.

மே 6, செவ்வாய்

அழகுணர்ச்சி உள்ளவன் பச்சை எழுத்தோடு குடித்தனம் நடத்த முடியாது. எஸ்கேப் என்கிற குறியோடு ஒரு சதுர அடைப்பையும் இரண்டு எண்களையும் சேர்த்து அனுப்பினால் திரை நிறம் மாறும். வேறு எண்களை அனுப்பினால் திரை துடைத்துவிட்ட பலகையாகும். இன்னும் வேறு எண்களை அனுப்பினால் எழுத்து சொன்ன மூலையில் போய் உட்காரும். ராஜமந்திரங்கள்.

மதியத்துக்குள் திவானின் திரை மஞ்சளாயிற்று. சாயங்காலம் சூட்டின் அளவை நட்சத்திரக் குறிகளால் கோலம் போலப் போட வைத்தேன். ஒவ்வோர் எண்ணும் உள்ளங்கை அளவு. மறுபடியும் பெரிதாக்கி முழங்கை அளவு செய்தேன். இப்போது நாமக்கல் மலைக்கோட்டையில் நிற்கிறவன் கூடப் படிக்கலாம்.

தேவைக்காகச் செய்ததல்ல. கம்பீரத்துக்காக.

மே 7, புதன்

மாத்திரை வாங்க நாமக்கல் போனேன். திரும்பும்போது திருச்செங்கோடு பஸ்ஸில் ஏறி, திருச்செங்கோட்டையே பார்வையிட்டுவிட்டு வந்தேன். எனக்கு ரொம்ப நாளாக அந்த ஊரைப் பார்க்க ஆசை.

சர்க்கரை டாக்டர் மார்ச்சிலேயே "ஒரு வாரத்துக்குள்ள கண் டாக்டரப் பாருங்க, தள்ளிப் போடாதீங்க" என்று சொல்லியிருந்தார். எந்த வருஷத்து வாரம் என்று அவர் சொல்லவில்லை.

மே 8, வியாழன்

பேனா சரியில்லை. முட்டைத் தட்டில் தேதி போடுகிற தடித்த கறுப்பு மார்க்கரில் எழுதுகிறேன். பக்கத்துக்கு ஆறு வரிதான் பிடிக்கிறது. கல்வெட்டும் அப்படித்தான்.

மே 9, வெள்ளி

இன்று திவானுக்கு மணி கட்டினேன். ஏழாம் எண்ணுள்ள எழுத்தை அனுப்பினால் திரை 'டிங்' என்று சத்தம் கொடுக்கும். காகிதம் குதித்து அச்சடித்த காலத்து ஏற்பாடு அது. இன்னும் யாரும் எடுத்துவிடவில்லை. கால் மணிக்கு ஒருமுறை திவான் அடிப்பார். ஒரு மணி என்றால் எல்லாம் சுகம். இரண்டு என்றால் சூட்டில் கோளாறு. மூன்று என்றால் ஈரத்தில்.

ஆக நான் கண்ணை மூடிக்கொண்டே ஆட்சி செய்யலாம்.

பாவாயிதான் கேலி செய்தாள். தட்டு கழுவுவது, முட்டை அடுக்குவது, எனக்குப் பதில் சொல்வது ஆகிய மூன்று இலாகாக்கள் அவளிடம் இருக்கின்றன.

"ஏனுங்ணா, எந்தக் கோயிலு? தீவாரணை எப்போ?"

"பிரசாதம் இருபத்தோராவது நாளு. மஞ்சக் கலர்ல, கீச்கீச்னு கத்தும்."

"அதுவரைக்கும் பூசாரிக்குத் தூக்கந்தானுங்களா?"

முழங்கையால் இடித்துவிட்டுத் தட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். சாயங்காலம் எழுந்து நடந்தபோது அந்த வண்டி என் முழங்காலில் மோதியது. வண்டி நிற்கிற இடத்தை யாரோ மாற்றிவிட்டார்கள்.

மே 10, சனி

ஒரு ரகசியம். இது சரித்திரத்துக்கு மட்டும், கலாமணிக்கு அல்ல.

தினம் காலையில் ஈரத்தொட்டியைச் சரிபார்க்க செட்டர் கதவைத் திறக்கிறேன் அல்லவா, அப்போது கைக்கு எட்டுகிற தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, மூடின இமைமேல் ஒற்றிக்கொள்கிறேன். முதலில் வலது, பிறகு இடது. தொண்ணூற்றொன்பதரை டிகிரி என்பது சுடுவதுமில்லை, குளிர்வதுமில்லை. சூடு இருக்கிறதா இல்லையா என்று இமைக்கே சந்தேகம் வரும். எரிச்சல் அடங்குகிறது. எண்ணிப் பத்து மூச்சு. பிறகு பிரஜையை அவர் ஆசனத்தில் வைத்துவிடுகிறேன்.

இன்று பாவாயி பார்த்துவிட்டாள்.

"என்னங்ணா, முட்டைக்கு முத்தமா?"

"உள்ளே இதயத் துடிப்பு கேக்குதான்னு பாத்தேன்."

"காதுல வெக்கோணும் அதுக்கு. கண்ணுல வெச்சா எப்பிடிங் கேக்கும்?"

மே 11, ஞாயிறு

திரை மினுக்குகிறது. மெஷின் நொடிக்கொரு தடவை எண்ணை அனுப்ப, திவான் ஒவ்வொரு தடவையும் திரையைத் துடைத்துப் புதிதாக வரைகிறார். அந்த மினுக்கல் கண்ணுக்குள் ஊசியாகக் குத்துகிறது. யாருக்காக இருந்தாலும் குத்தும்.

ஆகவே புதுச் சட்டம் போட்டேன். புதிதாக ஏதாவது வந்தால் மட்டும் வரைய வேண்டும், இல்லாவிட்டால் இருந்ததை அப்படியே வைத்திருக்க வேண்டும். இரண்டே வரி. மினுக்கல் போயிற்று. திரை கோயில் சிலை மாதிரி நிற்கிறது. என்ன நிம்மதி.

மே 14, புதன்

இன்று விளக்கடி. இருட்டறையில் விளக்குக்கு மேல் முட்டையைப் பிடித்து உள்ளே கரு வளர்கிறதா என்று பார்ப்பது. கலாமணி ஒன்றை வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"இதப் பாருங்க மாமா. எப்பிடி வந்திருக்குதுன்னு."

எட்டிப் பார்த்தேன். வெளிச்சம் ஒரு பந்தாகத் தெரிந்தது. "ஆகா! நரம்பு ஒவ்வொன்னும் ஆலமரத்து வேர் மாதிரி! இந்தக் குஞ்சு பொறந்ததும் குதிரைப் பந்தயத்துக்கே போகும்!"



"இது கூமுட்டைங்க மாமா. உள்ள ஒண்ணுமே இல்ல."

"தெரியும். உனக்குத் தெரியுதான்னு சோதிச்சேன்."

"ம்" என்றாள். அந்த முட்டையைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்று நினைக்கிறேன். இருட்டறை, நிச்சயமாகச் சொல்ல முடியாது.

"மாமா, கண்ணுக்கு ஏதாச்சும்..."

"கழுகு" என்றேன். "கழுகுக் கண். எங்க வம்சத்துக்கே அப்படி."

மே 15, வியாழன்

ஒரு மணி. ஒரு மணி. ஒரு மணி. நாள் முழுக்க எல்லாம் சுகம்.

கலாமணியிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எதை என்று எழுதத் தேவையில்லை. சொன்னால் நாளைக்கே வேறு ஆளை இந்த நாற்காலியில் உட்கார வைப்பாள். வைத்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை அவளுக்கு. எனக்கு வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டு, வேளாவேளைக்குச் சாப்பாடு தருவாள். இருபத்தொன்றாம் தேதி முட்டையை ஹேச்சருக்கு மாற்றிவிட்டால் செட்டருக்கு ஓய்வு. அதுவரை திவான் தாங்குவார். அப்புறம் பார்க்கலாம்.

மே 17, சனி

சாயங்காலம் ஆகிவிட்டது. இருந்தாலும் எழுதியாக வேண்டும்.

முற்பகலில் கரண்ட் ஒரு விநாடி போய் வந்தது. ஃபேன் மூச்சு விட்டுத் திரும்பச் சுற்றியது. ஜெனரேட்டர் ஓடத் தேவையே வரவில்லை. திவானின் கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்ஸில் ஓடுவதால் அணையக் கூட இல்லை. திரையைப் பார்த்தேன். மஞ்சளில் முழங்கை அளவு தொண்ணூற்றொன்பது, புள்ளி, ஐந்து. கால் மணியானதும் திவான் ஒரு தடவை அடித்தார். சுகம்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பாவாயி வந்தாள்.

"ஏனுங்ணா, செட்டர் பக்கம் போனா அனலா அடிக்குதுங். ஒருக்கா பாருங்க."

"கத்திரியில அனல் அடிக்காம ஊட்டிக் காத்தா அடிக்கும்?"

"அது இல்லீங்ணா. கதவத் தொட்டா சுடுது."

"பாவாயி, திரையப் பாரு. எம்மாம் பெருசா எழுதியிருக்குது. தொண்ணூத்தொம்பதரை. அரசாங்க முத்திரை."

"திரை கெடக்குதுங். கதவுல கண்ணாடி மீட்டரு இருக்குதல்ல, அதைப் பாருங்க. எனக்கு அந்தக் கோடெல்லாம் புரியாது."

செட்டர் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். அதற்குப் பின்னால் பாதரசத் தெர்மாமீட்டர். மயிர் அளவு கோடுகள். நான் எழுந்து போனேன். ஜன்னலுக்கு முன் குனிந்தேன். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தேன். கண்ணாடி தெரிந்தது. கண்ணாடிக்குள் ஒரு வெள்ளைக் குச்சி தெரிந்தது. குச்சிக்குள் எதுவுமே தெரியவில்லை.

பாவாயி பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"சரியாத்தான் இருக்குது" என்றேன்.

இதை எழுதுகிறபோது மார்க்கரை அழுத்தியதில் காகிதம் கிழிந்துவிட்டது.

அவள் "அப்பச் சரிங்" என்று சாப்பிடப் போனாள். நானும் தூக்குப்போசியைத் திறந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். திவான் ஒரு மணி அடித்தார். அப்போதுதான் வேறொன்று உறைத்தது. எதையோ நான் கேட்கவில்லை. எதை? சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தேன். கிழவன் எழுந்து உட்காருகிற சத்தம். தட்டுகள் திரும்புகிற முனகல். பன்னிரண்டுக்குக் கேட்கவில்லை. பதினொன்றுக்கு? அதுவும் கேட்டதாக நினைவில்லை.

திவானைப் பார்த்தேன். தொண்ணூற்றொன்பதரை. உயிருள்ள முட்டை பத்தொன்பதாயிரம் உள்ளே இருக்க, மெஷின் ஒரு நாளும் சேர்ந்தாற்போல் ரெண்டு நிமிஷம் தொண்ணூற்றொன்பதரையிலேயே நின்றதில்லை. புள்ளிக்குப் பின்னால் நாலாகும், ஆறாகும், மறுபடி ஐந்தாகும். இது சிலையாக நிற்கிறது. சிலையாக நிற்கச் சொன்னது நான்.

எச்சில் கையோடு ஓடினேன். கதவைத் திறந்தேன். முகத்தில் அடித்தது கத்திரியா, மெஷினா என்று பிரிக்கத் தெரியவில்லை. கைக்கு எட்டிய தட்டில் ஒரு முட்டையை எடுத்து இமைமேல் வைத்தேன்.

இந்த டைரியில் நான் பெருக்கிச் சொல்லாத வாக்கியம் ஒன்று உண்டு. முட்டை சுட்டது.

ஹீட்டர் மெயினைக் கையால் தடவிக் கண்டுபிடித்துக் கீழே இழுத்தேன். பிறகு கத்தினேன். மில்லில் சங்கு ஊதினால் கூட அப்படிக் கேட்டிருக்காது. பாவாயி வாயில் சோற்றோடு ஓடி வந்தாள். கலாமணி ஆபீஸிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

"என்ன மாமா? என்ன ஆச்சு?"

"கதவு எல்லாத்தையும் தெற! தரையில தண்ணி ஊத்து! ஃபேன், ஃபேனை ஓட விடு! கலாமணி, மீட்டரைப் படி, மீட்டர் எவ்வளவு?"

"நீங்க அங்கதான நிக்கறீங்க..."

"படி கண்ணு!"

அவள் குனிந்தாள். "நூத்தி மூணு" என்றாள். குரலே அவளுடையது இல்லை. "மாமா, நூத்தி மூணுங்க மாமா! திரையில தொண்ணூத்தொம்பதரைன்னு இருக்குது!"

"அது பழசு. மெஷின் மூளை நின்னுபோச்சு. கரண்ட் போனப்பவே நின்னிருக்கோணும். ஹீட்டர் மட்டும் எரிஞ்சிட்டே இருந்திருக்குது. திவான் பழைய நம்பரையே காட்டிட்டு இருக்கறார்."

"கதவுல மீட்டர் இருக்குதே, அதைக் கூடப் பாக்கலீங்களா நீங்க?"

"அண்ணன் பாத்தாரே" என்றாள் பாவாயி. கையில் வாளியோடு நின்றாள். "இப்ப சித்த முன்னால. நாந்தான் கேட்டேன். பாத்துப்போட்டு சரியா இருக்குதுன்னு சொன்னாருங்களே."



"பாக்கல" என்றேன். "குனிஞ்சேன். ஒண்ணும் தெரியல. எனக்குக் கண்ணு தெரியல கலாமணி. ரெண்டு மாசமா."

அதைப் பேச நேரமில்லை. மெஷினை நிறுத்தி மறுபடி எழுப்பினால்தான் தட்டுகள் திரும்பும். கீபோர்டு எனக்கு விரல் மனப்பாடம். திரை அவளுக்குத் தெரியும், என்ன செய்வதென்று தெரியாது. மெஷினின் பழைய பச்சைத் திரைக்கு முன்னால் இருவரும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்கார்ந்தோம்.

"என்ன கேக்குது?"

"ஏதோ கடவுச்சொல்லு."

அடித்தேன்.

"இப்ப?"

"நாலு வரி வந்திருக்குது. முதல்ல ஹீட்டர், ரெண்டாவது..."

"மூணாவது என்ன?"

"திருப்பறது."

மூன்றை அழுத்தினேன். 'தட்டுகளைத் திருப்பட்டுமா?' என்று அவள் படித்தாள். 'ஒய்' அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. கலாமணி என் கையைப் பிடித்திருந்தாள், எலும்பு நொறுங்குகிற மாதிரி. பிறகு உள்ளே அந்தக் கிழவன் முனகிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

மீட்டர் நூறுக்கு இறங்கும்வரை அவள் ஜன்னலிடமே நின்று ஒவ்வொரு டிகிரியாகப் படித்தாள். நூறு என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

மே 18, ஞாயிறு

யாரும் என்னிடம் பேசவில்லை. ஒரு மணி அடித்தது. அதை நான் நம்பவில்லை.

மே 19, திங்கள்

கன்ட்ரோல் ரூம் சாவி என்னிடம் இல்லை. கலாமணி எடுத்துக்கொண்டாள். வராந்தாவில் நாற்காலி போட்டிருக்கிறது. நான் சொன்னேன் அல்லவா, போடுவாள் என்று. வேளாவேளைக்குச் சாப்பாடும் வருகிறது.

பாவாயி டம்ளரை என் கையிலேயே வைத்து, விரலை மடக்கிப் பிடிக்க வைத்துவிட்டுப் போனாள். கேலி செய்யவில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

மே 20, செவ்வாய்

இருட்டறையில் கலாமணியும் பாவாயியும் நாள் முழுக்க விளக்கடி பார்த்தார்கள். வெளியே உட்கார்ந்து காதால் எண்ணினேன். நல்ல முட்டை தட்டில் மெல்ல உட்காரும். செத்த முட்டை கூடையில் 'தொப்' என்று விழும். காலையில் அடிக்கடி தொப். மத்தியானம் கொஞ்சம் குறைந்தது. மேல் தட்டுகளில் சூடு அதிகம் தேங்கியிருக்கிறது, அங்கேதான் சேதம். நடுவும் கீழும் பெரும்பாலும் பிழைத்தன என்று பாவாயி வந்து சொன்னாள்.

சாயங்காலம் கலாமணி வந்து எதிரில் நின்றாள்.

"கண்ணு போனது உங்க தப்பு இல்ல மாமா."

"ம்."

"ஆனா அவ கேட்டப்ப குனிஞ்சு பாத்து 'சரியா இருக்குது'ன்னு சொன்னீங்க பாருங்க. அந்த ஒரு வார்த்தை. 'தெரியல, நீ போயி கலாமணியக் கூப்புடு'ன்னு சொல்லியிருந்தா மேல்தட்டு போயிருக்காது."

அரசர்களுக்குரிய பதில் பத்து என் நாக்கில் வந்தது. பத்தையும் விழுங்கினேன்.

"ஆமா கண்ணு" என்றேன்.

"என்னமோ எழுதிக்கிட்டே இருக்கீங்களே, அதுல இத எழுதுனீங்களா?"

"எழுதினேன். காகிதம் கிழிஞ்சுபோச்சு."

சாவி குலுங்குகிற சத்தம் கேட்டது.

"திவானை எப்பிடி நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியல. மணி அடிச்சுக்கிட்டே இருக்குது. வந்து என்னன்னு பாருங்க." உடனே திருத்தினாள். "வந்து சொல்லுங்க. நான் பாக்கறேன்."

மே 21, புதன்

முட்டைகள் ஹேச்சருக்கு மாறின. நான் தட்டு வண்டியைத் தள்ளினேன், பாவாயி முன்னால் நடந்து "இடது, இடது, ஏனுங்ணா அது எங்காலு" என்று வழிகாட்டினாள். ஊர்வலம் பிரமாதம்.

நான் சொல்ல, கலாமணி ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்து, திவானுக்குப் புதுச் சட்டம் போட்டோம். எண் ஒன்று ஐந்து நிமிஷம் அசையாமல் நின்றால், அது எவ்வளவு நல்ல எண்ணாக இருந்தாலும் சரி, நிற்காமல் மணியடிக்க வேண்டும்.

மினுக்கலையும் திரும்ப விட்டாயிற்று. குத்துகிறது. குத்தட்டும்.

மே 23, வெள்ளி

ஹேச்சர் கதவில் காதை வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை.

மூன்று மணி வாக்கில் ஏதோ நகத்தால் சுரண்டுகிற மாதிரி. பிறகு இன்னொன்று. "கலாமணி!" என்றேன். அவளும் வந்து காதை வைத்தாள். உள்ளிருந்து ஒரு கீச். ஒன்றே ஒன்று. உலகத்திலுள்ள நாதஸ்வரங்கள் அனைத்தும் ஒன்றாகச் சேர்ந்து ஊதினாலும் அந்த ஒரு கீச்சுக்கு முன்னால் உட்கார்ந்து கையெடுத்துக் கும்பிட வேண்டியதுதான்.

மே 24, சனி

ஒரே இரைச்சல். பெட்டி பெட்டியாக மஞ்சள் இரைச்சல்.

பல்லடத்துக்காரர் வந்து ஒரு குஞ்சை எடுத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார், இன்னொன்றைக் கவிழ்த்துப் போட்டு எழுகிறதா என்று பார்த்தார்.

"கொஞ்சம் கொறையுதுங்க" என்றாள் கலாமணி. "மத்தியானத்துல சூடு ஏறிப்போச்சு. எங்க தப்புத்தானுங்க."

அவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் மூன்று ஜன்மம் எடுத்தேன்.

"போன தடவ சாக்குச் சொன்னீங்க" என்றார். "இந்தத் தடவ தப்புன்னு சொல்றீங்க. குஞ்சு துடிப்பா இருக்குது. ஏத்துங்க வண்டில."

ஜூன் 1, ஞாயிறு

இதை எழுதுவது கலாமணி. மாமா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். மார்க்கரைப் பிடுங்கி வைத்துவிட்டேன். இனி பேனாதான்.

மாமா சொல்கிறார்: "மாட்சிமை தங்கிய நாச்சிமுத்துச் சக்கரவர்த்தி, டைரி எழுதத் தனியாக ஆள் வைத்துக்கொள்ளும் அளவுக்கு உயர்ந்துவிட்டார் என்று எழுது."

எழுதிவிட்டேன்.

"செவ்வாய்க்கிழமை முதல் புதிய பிரஜைகள் செட்டரில் குடியேறிவிட்டார்கள். கன்ட்ரோல் ரூமில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் படிக்கிறவள், ஒன்றில் சிந்திக்கிறவர்."

(சிந்திக்கிறவர் நேற்று மத்தியானம் குறட்டை விட்டார். - கலாமணி)

"நாளைக்குக் கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சக்கரவர்த்தி மனமுவந்து சம்மதித்தார்."

(சம்மதிக்கவில்லை. கார் வாசலில் நிற்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது. அங்கே போன் பண்ணிக் கேட்டேன். லேசர் வைத்தால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாமாம், போனது எவ்வளவு திரும்பும் என்று பார்த்த பிறகுதான் சொல்வார்களாம். இதை மாமாவிடமும் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டார்.)

"அப்புறம் எழுது. மே பதினேழாம் தேதிப் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. சரித்திரத்துக்கு வேண்டும்."

கிழிக்க மாட்டேன். ஏற்கெனவே கிழிந்திருக்கிறது. பின்பக்கம் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

"அப்புறம்..."

திவான் ஒரு மணி அடித்தார். எல்லாம் சுகம் என்று அர்த்தம். திரையிலும் அதேதான் இருக்கிறது, நான் படித்தும் சொன்னேன். கதவு மீட்டரையும் படித்துச் சொன்னேன். மாமா பாதி வாக்கியத்தில் எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே செட்டருக்குப் போய்விட்டார். ஒரு முட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிற்கிறார். பத்து மூச்சாவது ஆகும்.

அவர் வந்ததும் மீதியைச் சொல்லச் சொல்லி எழுதுகிறேன்.